கொழும்பில் கடல்சார் வேலைகளை எண்ணுவது எப்படி? தொழில் வழிகாட்டல் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் வடகொழும்புப் பாடசாலை ஒன்றின் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினேன். துறைமுகத் துறையில் ஆயிரக்கணக்கான வேலைகள் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன். எண்ணை ஒரு பத்திரிகை அறிவிப்பிலிருந்து எடுத்திருந்தேன். உயர்தரம் எழுதி முடித்த பையன் ஒருவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சேர், இதுல இந்த வருஷம் எத்தன பேர எடுப்பாங்க? நான் போனா எந்த கேட்டுக்குப் போகணும்?”

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே தாளைக் கழற்றிவிட்டேன்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடும் வேலையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். தொழில் வழிகாட்டல் ஆசிரியர்கள், பிரதேச செயலகங்களில் இந்தப் பொறுப்பைப் பார்க்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் தடுக்கி விழுவதில்லை. படிகளின் வரிசையை மாற்றிச் செய்துதான் விழுகிறார்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் ஓர் எக்செல் தாள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டு ஆண்டறிக்கைகள், குறைந்தது ஐந்து வருடத்துக்கு. கடற்றொழில் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள். துறைமுக அதிகார சபையினதும் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கப்பல்துறைக் கொம்பனிகளினதும் ஆண்டறிக்கைகள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வெளியிடும் தொழிற்சந்தைத் தகவல்கள். மூன்று மாத ஞாயிறு பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்கள், மும்மொழியிலும்.

இவற்றோடு, துறைக்குள் வேலை செய்யும் ஐந்து பேரின் தொலைபேசி இலக்கங்கள். ஐந்து பேரும் மனேஜர்களாக இருக்கக் கூடாது. ஒரு வார்ஃப் கிளார்க் (துறைமுகத்தில் சரக்குப் பத்திர வேலை பார்ப்பவர்), ஒரு டொக்யார்ட் ஃபோர்மன் (கப்பல் திருத்தும் தளத்தின் மேற்பார்வையாளர்), ஒரு படகு உரிமையாளர் என்று கலந்திருந்தால் நல்லது. மாணவர்களின் பெற்றோரிலேயே இவர்கள் இருப்பார்கள். நாங்கள்தான் கேட்பதில்லை.

காலம்: முதல் தடவை என்றால் ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் நான்கு படிகள் முடியும்வரை எண்கள் இருக்கும் எந்த அறிக்கையையும் திறக்க வேண்டாம். காரணம் எளிது. எண்ணை முதலில் பார்த்தவர், கிடைத்த எண்ணுக்கு ஏற்றபடி கேள்வியை வளைத்துவிடுவார்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘கடல்சார் துறையில் வாய்ப்புகள் எப்படி?’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் எண்ண முடியாது. நான் எழுதிய வரி இது: ‘அடுத்த மூன்று ஆண்டுகளில், சாதாரண தரம் அல்லது உயர்தரம் முடித்த, முன் அனுபவம் இல்லாத ஒருவர், வடகொழும்பின் மட்டக்குளியிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில், ஆண்டுக்கு எத்தனை கடல்சார் வேலைகளுக்குள் நுழைய முடியும்?’

யார், எந்தத் தகைமையோடு, எவ்வளவு தூரத்துக்குள், எந்தக் காலத்துக்குள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள்.

2. எல்லையை பஸ்ஸை வைத்துக் கீறுங்கள்

வழக்கமான தவறு, கொழும்பு மாவட்டம் என்று எடுத்துக்கொள்வது. புள்ளிவிபரம் மாவட்ட வாரியாக வருவதால் அது வசதியாக இருக்கும். ஆனால் பேலியகொடை மீன் சந்தை களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பஹா மாவட்டத்தில் இருக்கிறது. மட்டக்குளியிலிருந்து பார்த்தால் அது கூப்பிடு தூரம். வத்தளைப் பக்கத்துக் கொள்கலன் யார்ட்களும் களஞ்சியங்களும் அப்படித்தான். நீர்கொழும்புக்கு 240 பஸ் போகிறது. மறுபக்கம், கொழும்பு மாவட்டத்தின் 13 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஹங்வெல்லையும் பாதுக்கையும் அடங்கும். அங்கே கடலும் இல்லை, வடகொழும்பிலிருந்து தினமும் போய்வருவதும் கடினம்.

அதனால் பாடசாலையை நடுவில் வைத்து, காலையில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். ஷிஃப்ட் வேலை என்றால் இரவு பத்து மணிக்குத் திரும்பி வர பஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். துறைமுக வேலைகளில் நிறைய ஷிஃப்ட். பெண் பிள்ளைகளின் வீட்டில் முதலில் கேட்கப்படுவதும் இதுதான்.

3. எது உள்ளே, எது வெளியே

ஐக்கிய நாடுகளின் தொழில்துறை வகைப்பாடு, அதன் நான்காம் திருத்தம், இதற்கு உதவும். இலங்கையின் வகைப்பாடும் அதையே தழுவியது. எனக்கு வேண்டியவை இவை: 03 மீன்பிடியும் நீர்வாழ் உயிரின வளர்ப்பும், 1020 மீன் பதனிடல், 3011 கப்பல் கட்டுதல், 3012 உல்லாசப் படகு கட்டுதல், 3315 கப்பல் திருத்தமும் சேர்ந்த போக்குவரத்துச் சாதனத் திருத்தம், 50 நீர்வழிப் போக்குவரத்து, 5222 அதற்கான துணைச் சேவைகள், 5224 சரக்கு ஏற்றி இறக்கல், 5229 சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து அனுப்பிவைக்கும் கிளியரிங், ஃபோர்வர்டிங் போன்றவை.

3315 இல் ரயில் திருத்தமும் விமானத் திருத்தமும் கலந்திருக்கும். 5224 இல் கடலோடு சம்பந்தமில்லாத சரக்கும் வரும். இவற்றில் எவ்வளவு கடல்பக்கம் என்று ஒரு பங்கை அனுமானித்து, அந்த அனுமானத்தைத் தாளிலேயே எழுதி வையுங்கள். பிறகு யாராவது கேட்டால் காட்ட முடியும்.

கடற்கரை ஹோட்டல்களை நான் சேர்ப்பதில்லை. சேர்த்தால் எண் அழகாக ஊதிப்போகும். ஆனால் கல்கிசையில் ரூம்பாய் வேலை பார்ப்பவருக்கும் கண்டியில் பார்ப்பவருக்கும் ஒரே பயிற்சிதான். கடல் அங்கே ஜன்னலுக்கு வெளியே மட்டும்.

4. ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு வேலைகளை இறக்குங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். பிள்ளைகள் துறையில் சேர்வதில்லை, ஒரு வேலையில்தான் சேர்கிறார்கள். ‘துறைமுகம்’ என்ற சொல்லுக்குள் நாற்பது வேலை ஒளிந்திருக்கிறது.

நான் செய்வது இது. ஒரு கொள்கலன் கப்பல் கொழும்புக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டு, அது வந்து போகும்வரை யார் யார் கை அதில் படுகிறது என்று வரிசையாக எழுதுவேன்.

கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. அதற்கு முன்பே கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கப்பல் முகவரின் ஆள் பத்திரங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட், லோஞ்ச் என்ற சிறு படகில் போய் ஏறுகிறார். அந்த லோஞ்சை ஓட்ட ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர். இழுவைப் படகுகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மாஸ்டர், எஞ்சினியர், கடலோடிகள். மேடையில் கயிறு கட்டும் குழு. கட்டி முடிந்ததும் முகவரின் போர்டிங் ஒஃபிசர், சுங்கம், குடிவரவு, சுகாதாரம். லாஷிங் ஆட்கள் ஏறிக் கொள்கலன்களைக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளைக் கழற்றுகிறார்கள். கிரேன் ஓட்டுநர், கீழே பெட்டிகளை எண்ணிப் பதியும் டாலி கிளார்க், பெட்டிகளை இழுக்கும் பிரைம் மூவர் வண்டியின் சாரதி, யார்டில் இன்னொரு கிரேன், எந்தப் பெட்டி எங்கே என்று கணினியில் திட்டமிடுபவர், குளிரூட்டிய பெட்டிகளின் வெப்பநிலையைச் சரிபார்க்கும் தொழில்நுட்பர். இடையில் ஷிப் சாண்ட்லரின் வேன் வந்து மரக்கறியும் கோழியும் ஏற்றுகிறது. எரிபொருள் நிரப்பும் பார்ஜ் பக்கத்தில் ஒட்டுகிறது. எஞ்சினில் கோளாறு என்றால் திருத்தும் குழு, அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சுழியோடி.

எழுதி முடித்துப் பார்த்தால் கடலில் மிதப்பவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற எல்லோரும் தரையில். இந்தப் பட்டியலை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் முகம் மாறியது நினைவிருக்கிறது. கடல் வேலை என்றால் வெள்ளை யூனிஃபோர்ம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

இதேபோல, பல நாட்கள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஒரு பலநாள் படகைப் பிடித்து இன்னொரு பட்டியல் போடுங்கள். முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை நின்றால் போதும். ஐஸ், டீசல், வலை திருத்தல், எஞ்சின் மெக்கானிக், ஃபைபர் வேலை, மீன் தரம் பிரிப்பவர், ஏலம் கூறுபவர், பேலியகொடைக்குப் போகும் லொறி. மூன்றாவது பட்டியல், திருத்தத்துக்காக டொக்கில் ஏறிய ஒரு கப்பல்: வெல்டர், பைப் ஃபிட்டர், மணல் வீசித் துரு நீக்குபவர், பெயின்டர், மின்னியலாளர், சாரம் கட்டுபவர், பாதுகாப்பு உத்தியோகத்தர்.

மூன்றையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் இலக்கத்தைப் போடுங்கள். கப்பல் எஞ்சினியர் 3151, கப்பலைச் செலுத்தும் தள அதிகாரியும் பைலட்டும் 3152, தளத்து மாலுமிகள் 8350, கிரேன் ஓட்டுநர் 8343, வெல்டர் 7212, கிளியரிங் முகவர் 3331, ஆழ்கடல் மீனவர் 6223, சுழியோடி 7541. இலக்கம் இல்லாவிட்டால் ஒரே வேலையை மூன்று பெயரில் மூன்று தடவை எண்ணிவிடுவீர்கள்.

5. இப்போது எண்கள், ஆனால் ஆண்டைப் பார்த்து

இனி அறிக்கைகளைத் திறக்கலாம். முதல் பொறி: தொழிற்படை அளவீடு நாடு முழுவதும் ஏறக்குறைய 25,000 வீடுகளில் எடுக்கப்படும் மாதிரி. தேசிய அளவுக்கு அது போதும். ஆனால் ஒரு மாவட்டத்துக்குள் ‘கப்பல் திருத்தம்’ என்ற சின்னக் கட்டத்தைத் தேடினால், அந்த எண்ணுக்குப் பின்னால் நாலைந்து வீடுகள்தான் இருக்கும். அடுத்த வருடம் அது இரட்டிப்பானால், துறை வளர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள், அல்லது பெரிய கட்டத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சின்ன வேலைகளுக்கு ஆண்டறிக்கைகளும் தொலைபேசியும்தான் வழி.

இரண்டாவது பொறி அடிப்படை ஆண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொடைச் சந்தையில் கொரோனாக் கொத்தணி, சந்தை மூடல். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து ஜூனில் மூழ்கியது. மேல் மாகாணக் கரையோரம் மீன்பிடி தடைப்பட்டது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றின. அதனால் கொழும்பில் பெட்டி மாற்றும் வேலை கூடியது. இதில் எந்த ஒரு வருடத்தையும் ‘வழமையான வருடம்’ என்று எடுத்தால் கணக்கு ஒரு பக்கம் சாயும்.

மூன்றாவது பொறி, பெட்டிகளின் எண்ணிக்கையை வேலைகளின் எண்ணிக்கையாக மாற்றுவது. 2021 இல் கொழும்பு, 20 அடிப் பெட்டி அளவில் 72 இலட்சத்துக்கும் மேல் கையாண்டது. ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறுபவை. அவை கேட்டைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. அந்தப் பெட்டிகள் கூடினால் கிரேனுக்கும் யார்டுக்கும் வேலை கூடும். கிளியரிங் அலுவலகத்துக்கும் வெளிக் களஞ்சியத்துக்கும் லொறிச் சாரதிக்கும் ஒன்றும் கூடாது. கிளியரிங் வேலைக்கு நாட்டின் இறக்குமதி ஏற்றுமதியைப் பாருங்கள். புதிய முனையங்களின் இயந்திரங்களும் ஒரு பெட்டிக்குத் தேவைப்படும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருகின்றன.

வரப்போகும் திட்டங்களின் வாக்குறுதி எண்களைத் தனி நிரலில் போடுங்கள், மொத்தத்தில் சேர்க்க வேண்டாம். என் பழைய சுவர்த்தாள் அப்படித்தான் கெட்டது.

6. இருக்கும் வேலையிலிருந்து திறக்கும் வேலைக்கு

ஒரு தொழிலில் 600 பேர் இருக்கிறார்கள் என்றால் 600 வாய்ப்பு என்று அர்த்தமில்லை. அந்தக் கதிரைகளில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது, வருடத்தில் எத்தனை கதிரை காலியாகும், அதில் எத்தனை புதியவருக்குக் கிடைக்கும் என்பது.

கணக்கு இப்படி. எண்கள் விளக்கத்துக்கானவை, நிஜமானவை அல்ல. நம் எல்லைக்குள் கப்பல், படகு வேலை செய்யும் வெல்டர்கள் 600. ஒருவர் சராசரியாக 35 வருடம் வேலை செய்கிறார் என்றால் வருடத்தில் ஏறக்குறைய 3 வீதம் ஓய்வு பெறுவர்: 18. வெளிநாட்டுக்கோ வேறு துறைக்கோ போகிறவர்கள் 5 வீதம் என்று வைத்தால் 30. வளர்ச்சி பூச்சியம் என்றே வையுங்கள். மொத்தம் 48 வெற்றிடம். அதில் பாதியை அனுபவசாலிகளைக் கொண்டே நிரப்புவார்கள். மிஞ்சுவது 24.

600 எங்கே, 24 எங்கே! இந்த இறக்கத்தைப் பார்த்துப் பயந்து முந்தைய எண்ணையே சுவரில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் 24 தான் பையன் கேட்ட கேள்விக்கு அருகில் இருக்கிறது.

கவனிக்க: வளர்ச்சியே இல்லாமல்தான் இந்த 24 வந்தது. பெரும்பாலான துறைகளில் திறக்கும் வாசல்களில் அதிகமானவை ஆட்கள் போவதால் திறப்பவை. அதனால் ‘துறை வளர்கிறதா?’ என்று மனேஜரிடம் கேட்பதைவிட, ‘போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், அந்த இடத்துக்கு யாரை எடுத்தீர்கள்?’ என்று ஃபோர்மனிடம் கேளுங்கள். டொக்யார்ட் ஃபோர்மன் ஒருவரிடம் கேட்டபோது அவர் அறிக்கை எதையும் பார்க்கவில்லை. விரல்விட்டு எண்ணினார். “ரெண்டு பேர் துபாய், ஒருத்தர் கட்டார், ஒருத்தர் த்ரீவீல் எடுத்துட்டார்” என்று ஆள் ஆளாகச் சொன்னார். எந்த அறிக்கையிலும் அது இருக்காது.

அரசு நிறுவனங்களுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. ஓய்வு பெற்ற இடமெல்லாம் நிரப்பப்படுவதில்லை. 2022 இறுதியில் அரச சேவையில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு பெற்றார்கள். அந்த ஆண்டின் எண்ணிக்கையை வருடாந்த வீதமாக எடுத்தால் கனவுக் கணக்காகிவிடும். அரசுக்கு ஓய்வை விடுங்கள், கடந்த ஐந்து வருடத்தில் உண்மையில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதைப் பாருங்கள்.

மீன்பிடிக்கும் பொருந்தாது. பலநாள் படகில் மாதச் சம்பளம் இல்லை. செலவு கழித்து மிஞ்சுவதில் பங்கு. வெற்றிட விளம்பரமும் வராது, தெரிந்தவர் மூலம்தான் சேர்ப்பார்கள். அதை எண்ணாக எழுதாமல், வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்லாக எழுதுங்கள்.

7. கப்பலில் போகிறவர்களுக்குத் தனிப் பக்கம்

வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் மட்டக்குளிக்காரரின் வேலை கொழும்பில் இல்லை. அது உலகச் சந்தையில் இருக்கிறது. அவர் வீட்டு அளவீட்டில் விழாமலும் போகலாம். அதனால் பிராந்தியக் கணக்கில் கலக்காமல் தனியாக வையுங்கள்.

இங்கே எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: கடல் அனுபவம் பெறும் கேடட் (பயிற்சி அதிகாரி) இடங்கள். பயிற்சி நெறி முடித்தவர் எத்தனை பேர் என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். அதில் எத்தனை பேருக்குக் கப்பல் கிடைத்தது என்று கேளுங்கள். கடற்சேவைக் காலம் முடிக்காதவர் தகைமைச் சான்றிதழுக்குப் போக முடியாது. அரைவழியில் நிற்பவர்கள் நிறைய.

பெற்றோருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வரி. கப்பல் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி முகவர் பணம் கேட்பதை 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயம் தடுக்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே கடலோடியுடையது. இலங்கை 2017 இல் அதை ஏற்றுக்கொண்டது.

8. வாசலில் நிற்கும் நிபந்தனைகள்

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, எதனால் ஒருவரைத் திருப்பி அனுப்புவார்கள் என்று எழுதுங்கள். தள அதிகாரிக்கு நிறப்பார்வை. பணம் கட்டி நெறியில் சேர்ந்த பிறகு சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்த பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தச் சோதனைக்கு ஒரு காலைப் பொழுது போதும், முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். பிரைம் மூவருக்குக் கனரக வாகன அனுமதிப்பத்திரம் வேண்டும். பாடசாலையை விட்ட கையோடு அது கிடைக்காது, அதுவரை என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். வெல்டருக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம். கப்பல் முகவர் அலுவலகத்துக்கு ஆங்கில மின்னஞ்சல். யார்டுக்குச் சிங்களம்: பாதுகாப்பு அறிவுறுத்தல் அந்த மொழியில்தான் கத்தப்படும். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான தடை இதுதான், கணிதம் இல்லை.

9. போட்டியைக் கழியுங்கள்

24 இடம் என்றால், அதே வாசலில் எத்தனை பேர்? மட்டக்குளி குரோ ஐலண்டில் இருக்கும் சமுத்திரப் பல்கலைக்கழகம், மாலபேயில் சினெக் கடல்சார் கல்வி நிறுவனம், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு நெறியிலும் வருடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சேர்ந்தவர்களை எண்ண வேண்டாம், முடித்தவர்களை எண்ணுங்கள். வெல்டிங் படித்தவர் எல்லோரும் கப்பலுக்கு வருவதில்லை. கட்டுமானமும் வளைகுடாவும் இழுத்துக்கொள்ளும். அதையும் ஒரு வீதமாக அனுமானியுங்கள்.

10. வீச்சாக எழுதுங்கள், பிறகு ஆட்களிடம் காட்டுங்கள்

24 என்று எழுத வேண்டாம், 15 முதல் 35 என்று எழுதுங்கள். விட்டுப்போகும் வீதத்தை 3 என்றும் 8 என்றும் மாற்றி மாற்றிப் போட்டால் இந்த அளவு வீச்சு தானாக வந்துவிடும். ஒற்றை எண்ணைப் பார்த்தவர் அதை நம்பிவிடுவார். வீச்சைப் பார்த்தவர் ஏன் என்று கேட்பார்.

அப்புறம் தாளை அந்த ஐந்து பேரிடமும் கொண்டுபோங்கள். ‘சரியா?’ என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ‘இதில் எந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது?’ என்று கேளுங்கள். என் முதல் தாளில் டாலி கிளார்க் எண்ணைப் பார்த்து ஒரு வார்ஃப் கிளார்க் சிரித்தே விட்டார். “சேர், இதெல்லாம் இப்ப கம்பியூட்டர்ல” என்றார். அந்த வரியைப் பாதியாக வெட்டினேன்.

வகுப்பில் ஒட்டும் தாளில் ஐந்து நிரல் போதும்: வேலையின் பெயர், வருடத்தில் திறக்கும் இடங்களின் வீச்சு, தேவையான தகைமை, திருப்பி அனுப்பும் காரணம், எந்த கேட். கடைசி நிரலில் இடத்தின் பெயரும் போகும் பஸ்ஸும் இருக்கட்டும். அடியில் தயாரித்த மாதமும் ஆண்டும். பதினெட்டு மாதம் கழிந்தால் தாளைக் கழற்றிவிட்டு ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நான்காம் படியின் பட்டியலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு மூன்று வரிதான் மாறியிருக்கும்.